இறாலுக்கு வக்காலத்து

மாட்டுங்கா, 1967 ஜூலை, புதன் இரவு.

டிராம்பே கழிமுகத்தில் அலையாத்திக் காட்டை வெட்டி மண் கொட்டும் உத்தரவு, இன்று எங்கள் அதிகாரி சாவந்த் சாஹேப்பின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தாவர ஆராய்ச்சி செய்யும் செம்பூர் ஜானகி அதைத் தடுக்க வந்திருந்தாள். செடிகளின் லத்தீன் பெயர்களை அரை மணி நேரம் சொன்னாள். சாஹேப் மரியாதையாகக் கொட்டாவி விட்டுப் பேனாவைத் திறந்தார்.

நான் சுருக்கெழுத்துக்காரன். பேசுவதற்குச் சம்பளம் கிடையாது. இருந்தும் அவள் அறிக்கையில் படித்ததைச் சொன்னேன்: "சாஹேப், அந்த வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சு வளர்கிறதாம். காடு போனால் இறாலும் போகும்."

இறால் என்றால் உயிரை விடுகிறவர்; பேனா நின்றது. "அரே, இதை ஏன் முதலில் சொல்லவில்லை?"

"அறிக்கையில் கடைசிப் பக்கம் சார்," என்றாள் ஜானகி.

"கடைசிப் பக்கத்தை யாரம்மா படிக்கிறார்கள்?"

உத்தரவை நிறுத்திவைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறார். நானும் கூடப் போக வேண்டுமாம்.

வெளியே வந்ததும் ஜானகி கேட்டாள்: "மாமா, நீங்க எறால் சாப்பிட்டிருக்கேளா?"

"கண்ணால பாத்ததுகூட இல்லேம்மா."

பஸ் ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு வரை ஒரு செடியும் விழாது. சாஹேப் சேற்றில் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகும் விழாது என்றே தோன்றுகிறது. அதற்குள் இறால் எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் கேட்க முடியாது.