சீரியல் கொலைகாரனுக்காக வாதாடிய மலர் அக்காவுக்கு

என் பாசமுள்ள மலர் அக்கா,

நேற்று அரியலூர் கோர்ட்டில் என் வீட்டுக்காரரை விடுதலை செய்துவிட்டார்கள். செந்துறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் உங்களுக்குத்தான் போன் போடத் தோன்றியது. நீங்கள் கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாம் பார்த்த சீரியலும் போன வாரம் முடிந்துவிட்டது. அதில் வருகிற அந்தச் சினிமா ஹீரோதான் பெண்டாட்டியைக் கொன்றானாம். மூன்று வருஷமாக அவனுக்கு வாதாடிய நீங்கள் கடைசியில் தோற்றுப்போனீர்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்திருந்தால், "இப்பத்தானே தெரிஞ்சிருக்கு, வா இப்ப திட்டலாம்" என்று முந்தானையை இழுத்துச் செருகியிருப்பீர்கள்.

என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வழிவிடுகிற தகராறில் விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவரிடம், "ஏத்திட்டுப் போயிடுவேன்" என்று கத்தினார். டிரைவர்கள் தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மூன்றாம் நாள் அதே மனிதர் இவருடைய லாரிச் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். கொலை வழக்காகி இவரை ஜெயிலில் போட்டார்கள். அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட எங்களைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

நீங்கள் மட்டும் சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தீர்கள். "எங்க வூட்டு டிவியும் நல்லாத்தான் ஓடுது. கூடச் சேர்ந்து திட்ட ஆளு வேணாமா?" என்றீர்கள். ஹீரோவைப் போலீஸ் பிடித்ததும், "முழியப் பாரு, இவன்தான் கொன்னிருக்கான்" என்றீர்கள். சொன்ன கையோடு என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கிவிட்டது.

"தப்புத்தான் செல்வி. நான் என்னத்தக் கண்டேன்?"

மறுநாளிலிருந்து நீங்கள் அவன் கட்சி வக்கீல். கூண்டில் யார் ஏறினாலும், "நீ நேர்ல பார்த்தியா? பார்த்தியான்னு கேக்குறேன்" என்று டிவியை அதட்டுவீர்கள். காய்கறிக் கடையில் ஒருத்தி என் காதுபட, "நெருப்பில்லாமப் புகையுமா?" என்றாளே, நினைவிருக்கிறதா? "நேத்து உன் வூட்டுலகூடத்தான் புகைஞ்சிச்சு. கொசுவத்திதானே?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தீர்கள். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இறந்துபோனவரின் பைக் தானாகவே சறுக்கியதைப் பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் சாட்சி சொன்னார். அவர் நேரில் பார்த்தவர், அக்கா. அதைத்தான் நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். நேற்றுச் சாயங்காலமே தெருவில் நாலு பேர் இனிப்போடு வந்தார்கள். "வாங்க, உட்காருங்க" என்று காபி போட்டுக் கொடுத்தேன். உங்களுக்குக் கோபம் வருகிறதா? எனக்கு வரவில்லை.

அவர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. உங்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, திருமானூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையில் துணி அடுக்கினேன். பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திய நானே, செய்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் நீங்கள் டிவியைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டது மாதிரி இருந்தது. நீங்கள் போனதும் பையைப் பிரித்தேன்.

அவர் வந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஊரே பேசிச்சு. நீ ஒருத்தி என்னை நம்புனியே, அது போதும்" என்று அழுதார். மூன்று வருஷமாக எனக்குச் சேராத அந்தப் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் குடும்பம் உங்களால் நிற்கிறது, அக்கா. இன்றைக்கு அவரை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுவேன்: "நம்புனது நான் இல்லங்க, மலர் அக்கா."

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி