கீழ்த் தட்டில் ஏற்றிய மெழுகுவர்த்திகள்

செந்தெந்த்ரே,
ஆகஸ்ட் 21

அன்பு மகள் சோர்காவுக்கு அம்மா பெர்சிடா ஆசையோடு எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மார்ட்டோனும் கனடாவில் பனி இல்லாத இந்த நாலு மாதத்தையாவது வெளியே போய் அனுபவித்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் நீ என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று துளைத்தபோது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம். அதனால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது ஆற்றுக்குப் போயிருக்கிறார், நான் அடுப்பையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ட்டோனின் அப்பா அம்மா டெப்ரெட்செனிலிருந்து கிளம்பி, முதல் நாள் புடாபெஸ்டில் தங்கி, கர்த்தர் உருமாறிய திருநாளன்று காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். உன் அப்பாவிடம் கூப்பிடலாமா என்று நான் கேட்கவில்லை, வருகிறார்கள் என்று சொன்னேன், அவ்வளவுதான். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், சட்டையை மாற்றுங்கள் என்றதற்கு, இன்னும் சம்பந்தி ஆகவில்லையே என்றார். ஈஸ்டரிலிருந்து அவர் பிடித்த பிடி உனக்குத் தெரியும், அக்டோபரில் கல்யாணம் நம் கோயிலில் நடந்தாலும் சரி, அன்றைக்குத் தான் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவதாக. இந்த ஊரில் செர்பியர் என்று நாம் ஒரு கைப்பிடிதான் மிச்சம், அதிலும் சொந்தப் பெண்ணே சீர்திருத்த சபைக்காரன் வீட்டுக்குப் போவதா என்பது அவர் வாதம். நீயோ அப்பா கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் ஊருக்கே வரமாட்டேன், இங்கேயே ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்கிறாய். பிடிவாதத்தில் அப்படியே அவரை உரித்து வைத்திருக்கிறாய், நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

மார்ட்டோனின் அம்மா எட்டல்கா நல்ல பெண்மணி. ஒரு காது கேட்காது, அதனால் எதையும் ஊருக்கே சொல்கிற மாதிரிதான் சொல்வாள். அவள் கணவர் பாலின்ட் அவளுக்கும் சேர்த்து மெதுவாகப் பேசுகிறவர். வந்ததும் வராததுமாக அவள் கூடையைத் திறந்து, புகை போட்ட டெப்ரெட்சென் சாஸேஜை மாலை மாதிரி எடுத்து மேஜையில் வைத்தாள். நமக்கோ நோன்பு, அன்றைக்கு மீன் மட்டும்தான் ஆகும், நானும் மீன் குழம்பு வைத்திருந்தேன். வீடெல்லாம் பன்றிக்கறி வாசனை. உன் அப்பா, நல்ல ஆரம்பம் என்று மீசைக்குள் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை, பாலின்டுக்குக் கேட்டுவிட்டது, பாவம் குனிந்து தன் பூட்சைப் பார்த்தார். நான் சாஸேஜை எடுத்து நிலவறையில் வைத்துவிட்டு, கூடைகளில் திராட்சையை அடுக்கி, எல்லோரையும் கிளப்பினேன். நம் கொடியில் இந்த வருஷம் பழம் அப்படி. கோயிலில் மந்திரிப்பதற்கு முன்னால் ஒன்றைக்கூட வாயில் போட மாட்டாரே உன் அப்பா, கொடிக்குக் கீழே போகும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

கோயிலில் எட்டல்காவுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அவர்கள் கோயிலில் வெள்ளைச் சுவரும் மர பெஞ்சும்தானாம், தூங்காமல் இருப்பதே பெரும்பாடு என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தாள். இங்கே உட்கார இடமில்லாமல், புதுச் செருப்பில், பூசை முடியும்வரை அசையாமல் நின்றாள். பாதிரியார் திராட்சைக் கூடைகள் மேல் தீர்த்தம் தெளித்தபோது அவள் கண்ணாடியிலும் தெறித்தது, துடைக்கக்கூட இல்லை. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. அதன் பிறகுதான் அந்தக் காரியம். ஊர்வலத்துக்கு எல்லோரும் வாசல் பக்கம் நகர்கிறார்கள், உன் அப்பா எப்போதும்போல் கோயில் கொடிக்கம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கிறார். எட்டல்கா வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தன் குரலில், "நானும் ரெண்டு மெழுகுவத்தி ஏத்திட்டேங்க. ஒண்ணு எங்க மார்ட்டோனுக்கு, ஒண்ணு உங்க சோர்காவுக்கு. மேல ஒரே நெருக்கடியா இருந்துச்சு, ஊர்க்காரங்களுக்கு எடம் வேணுமேன்னு கீழ வச்சேன்" என்றாள்.

மெழுகுவர்த்தி மேடையில் மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு செத்தவர்களுக்கு என்று நம் குழந்தைகளுக்கு நடக்கத் தெரியும்போதே தெரியும், அவள் பாவம் எங்கே கண்டாள். ஒதுங்கி இடம் விட்டதாக நினைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து வீட்டு சவெத்தா சும்மா இருப்பாளா, கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கு யாராவது கீழே ஏற்றுவார்களா என்று சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாத் தலையும் திரும்பியது. உன் அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. கொடியைப் பாலின்டின் கையில் கொடுத்தார், ஆமாம், அவர் கையில்தான், யார் கை என்று பார்க்கக்கூட இல்லை. நேராக மெழுகுவர்த்தி மேடைக்குப் போனார். கீழே மணலில் இரண்டு மஞ்சள் வர்த்திகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எரிந்தன. அவர் திரும்பிப் பார்த்து, "இதுல சோர்காவோடது எது?" என்று கேட்டார்.

சோர்கா, நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அவர் உன்னுடையதை மட்டும் எடுக்கத்தான் போனார். அந்தப் பையனுடையது அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தாரோ, நினைக்கவே நேரமில்லையோ, எனக்குத் தெரியாது. எட்டல்கா என்ன தப்பு என்று புரியாமலே, "அது பாக்கலீங்களே. ரெண்டையும் ஒண்ணாத்தான் பத்த வச்சு ஒண்ணாத்தான் நட்டேன்" என்றாள். அவர் குனிந்தபடியே நின்றார். வெளியே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு இரண்டையும் ஒரே பிடியாகப் பிடித்துத் தூக்கினார், மேல் தட்டில் மற்றதையெல்லாம் தள்ளி இடம் பண்ணி, நடுவில் நட்டார். உருகிய மெழுகு விரல் மேல் வழிந்தது, கையை உதறவில்லை. சிலுவை போட்டார், உதடு அசைந்தது. உன் பேர் சொன்னார், அது எதிர்பார்த்ததுதான். அடுத்து மார்ட்டோன் பேரைச் சொன்னார். ஈஸ்டரிலிருந்து அந்தப் பையன் என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, சவெத்தா பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

பாலின்ட் அவள் காதில் விஷயத்தைச் சொன்னதும் எட்டல்கா துடித்துப்போய்விட்டாள், பெத்த பிள்ளைக்கே இப்படிச் செய்துவிட்டேனே என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். உன் அப்பா அவள் எதிரில் போய் நின்று, கொஞ்சம் உரக்கவே, "தெரியாம செஞ்சதுன்னு சாமிக்குத் தெரியும். அழாதீங்க சம்பந்தியம்மா, திராட்ச எடுத்துக்குங்க" என்றார். முதல் குலையை அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் ஒரு பழம் வாயில் போட்டார். கொடியைத் திருப்பி வாங்க மறந்துபோனார், ஆற்றங்கரை வரை சீர்திருத்த சபைக்காரர்தான் நம் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார், காற்றில் அது அவரை இழுக்க, பக்கத்தில் நடந்துகொண்டே உன் அப்பா, கம்பைச் சாய்ச்சுப் பிடிங்க, சாய்ச்சுப் பிடிங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். சாயங்காலம் ஸ்டேஷனில் வழியனுப்பும்போது, அக்டோபரில் நோன்பு இல்லை, அந்த சாஸேஜை அப்போது இன்னும் இரண்டு மாலை சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றார்.

அதற்குமேல் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நீ கேட்க வேண்டும். போனில் என்னிடம் கேட்காதே, அவரிடமே கேள், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. மெழுகு பட்ட விரலில் கொப்புளம், மருந்து போட விடமாட்டேன் என்கிறார். டிக்கெட்டை உடனே போடு, கம்பளிச் சட்டை எடுத்து வா, அக்டோபரில் ஆற்றுக் காற்று எப்படியிருக்கும் என்று மறந்திருப்பாய். கோயிலில் நிற்க வேண்டும், குதிகால் இல்லாத செருப்பாகப் பார்த்து வாங்கு. கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், மேல் தட்டில் எரிந்த மாதிரியே சேர்ந்து இருங்கள்.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
பெர்சிடா

உன் அப்பா வந்துவிட்டார், வெறுங்கையோடு. கடிதத்தில் அவருக்கும் இடம் விட்டிருக்கிறேன் என்று பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் யோசித்து எழுதியது இவ்வளவுதான்:

சோர்கா, அக்டோபரில் மீன் சரியாகக் கடிக்காது. அப்பா.