மிக்ஸி சத்தத்துக்கு அடியில்

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அதற்கும் நான்தான் காரணமாம். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும் என்பதால் கடிதம். பாதியில் கிழித்துப் போடாமல் படி.

நீ நடித்த மலையாளப் படம் என் மேஜைக்கே வந்துவிட்டது, தமிழ் சப்டைட்டில் எழுத. மர்மப் படமென்றால் கதை கசிந்துவிடக் கூடாது என்று துண்டு போட்டு ஆளுக்கொன்றாகத்தான் கொடுப்பார்கள். முழுப் படத்தை எங்களில் ஒருவரும் பார்ப்பதில்லை. என் பங்கு முதல் ஒரு மணி நேரம். மனம் தடுமாறும் ஒரு டாக்டர், கூடவே அவருடைய தம்பி, அந்த வீட்டில் சமைக்கும் தமிழ்க்காரியாக நீ.

நீ பதினொரு இடத்தில் பேசுகிறாய். அவர்கள் அனுப்பிய வசனத் தாளில் பதினொன்றுக்கும் ஒரே குறிப்பு: ‘வேலைக்காரி முணுமுணுக்கிறாள்.’ எனக்குச் சுருக்கென்றது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். மிக்ஸி ஓடுகிறது, குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. அதற்கு அடியில் தெளிவாக, ‘ஐயா, உங்க மாத்திரைய மாத்தி வைக்கிறது உங்க தம்பிதான், என் கண்ணால பாத்தேன்’ என்கிறாய். படத்தின் மர்மமே அதுதானே! அதைச் சுற்றிச் சுற்றிப் பதினொரு தடவை சொல்கிறாய். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மலையாளிக்கு இந்தத் தமிழ் புரியாதா? நன்றாகப் புரியும். சமையல்காரி சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்ற தைரியத்தில் எடுத்திருக்கிறான் உன் இயக்குநர். பேட்டியில் மட்டும், எல்லா மொழிக்காரருக்கும் எல்லா நிறத்தாருக்கும் என் படத்தில் இடம் உண்டு என்று பல்லைக் காட்டுகிறான். எந்த இடம்? பாத்திரம் துலக்கும் இடம்.

நீ சொல்வதை அப்படியே எழுதட்டுமா என்று எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். என்னைவிடப் படிப்பும் வயதும் குறைந்தவன். ‘அந்தம்மா சொல்றது புரிஞ்சுட்டா அப்புறம் படத்துல என்ன சார் இருக்கு? முணுமுணுப்புன்னே போட்டு அனுப்புங்க’ என்றான்.

நேற்று உன்னைக் கேட்டபோது, ‘கடைசியில அந்தப் பதினொண்ணும் மிக்ஸி சத்தம் இல்லாம திரும்ப வரும்ணா. பாக்குறவன் வெக்கப்படணும், அதுக்குத்தான் இப்படி’ என்றாய். அந்தக் காட்சியை எடுத்தாயிற்றா, எடுப்பதாகச் சொன்னார்களா என்று கேட்டேன். ‘உனக்கு யாரப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்’ என்று போனை வைத்துவிட்டாய். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, கவனித்தாயா? கடைசித் துண்டு யாரிடம் இருக்கிறது என்று அலுவலகத்தில் விசாரித்தேன். எல்லோரும் கையை விரிக்கிறார்கள்.

ஆறு வருடம் முன்பு, உன் வசனத்தை ஏன் வெட்டினாய் என்று அந்தச் சீரியல்காரனிடம் நான் போய்ச் சத்தம் போட்டதில் உன் வாய்ப்பு போனது. நான் கேட்டது நியாயம்தான். இன்றைக்கும் அதையே கேட்பேன். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம், நீ உன் அண்ணியோடு மட்டும் பேசினாய். அவள் போனை வைத்துவிட்டு வந்து எனக்கு ஒன்றும் சொல்லாமல் சாப்பாடு எடுத்து வைப்பாள்.

உன் பதினொரு வசனத்தையும் முழுதாக எழுதி வைத்திருந்தேன். அனுப்பினால் படத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும். அண்ணன்காரன் வேலை என்று உன் தலையில்தான் விடியும். அடுத்த படம் கிடையாது. அனுப்பாமல் விட்டு, உன் கடைசிக் காட்சியும் பொய்யாகப் போனால், இருபது வருடம் நாடக மேடையில் முழங்கியவள் முணுமுணுத்தவளாகவே நின்றுவிடுவாய்.

இன்று காலை எல்லாவற்றையும் அழித்தேன். ‘வேலைக்காரி முணுமுணுக்கிறாள்’ என்று பதினொரு முறை என் விரலாலேயே தட்டி அனுப்பிவிட்டேன். உன் இயக்குநரை நம்பி அல்ல.

அந்தக் கடைசிக் காட்சியில் நடித்தாயா, இல்லையா? ஒரு வரி எழுது. இல்லை என்றாலும் எழுது, யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் தியேட்டரில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ வாய் திறக்கும் இடத்திலெல்லாம் நாலு பேர் நின்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணன்