கை எட்டாத வளையம்

மார்ச் 4, செவ்வாய்

பாலத்தில் பெயிண்ட் அடிக்கிற எங்களுக்குப் புது பெல்ட் வந்திருக்கிறது. இடுப்பில் இரண்டு பக்கமும் வளையம், முதுகில் ஒன்று. விழுந்தால் தாங்கும் கயிற்றை, பழைய பெல்ட்டைப் போலவே, முதுகில்தான் மாட்ட வேண்டுமாம். இடுப்பு வளையம் சாய்ந்து நின்று வேலை செய்ய மட்டும். "இடுப்புல மாட்டிட்டு விழுந்தீங்கன்னா ஆளையே ரெண்டா மடிச்சிரும்" என்றார் சூப்பர்வைசர்.

எல்லாம் சரி. கயிறு தொங்குவது மேலே. அங்கே போய் முதுகில் மாட்ட இன்னொரு கை வேண்டுமே.

மார்ச் 5

இத்தனை வருடமாக அந்தக் கை மச்சானுடையது. என் மனைவியாக இருந்தவளுடைய தம்பி. கொக்கியை மாட்டியதும் தோளில் ஒரு தட்டு, "இருக்கேன் மாமா". மாட்டியாயிற்று என்று அர்த்தம்.

விவாகரத்து ஆன அன்று கோர்ட் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு போனவன், வேலையிலும் வேறு ஜோடிக்கு மாறிவிட்டான். இன்று சாப்பிடும் இடத்தில், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்றான்.

சாராம். சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிட்டேன்.

மார்ச் 8

ஆளில்லாத வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "வரேன், வரேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். எனக்கு முத்திப்போச்சு.

மார்ச் 11

என் புது ஜோடி லீவு. பக்கத்தில் இருந்தவர்களிடம் "மாட்டி விடுங்க" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? வாய் வரவில்லை. கை எட்டுகிற இடுப்பு வளையத்திலேயே மாட்டிக்கொண்டேன். யாராவது பார்த்துத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 12

இன்றும் இடுப்பில்தான்.

மார்ச் 13

கால் வழுக்கிவிட்டது — குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறிவிட்டேன். கயிறு இழுபடவில்லை. இழுபட்டிருந்தால்?

பக்கத்துத் தூணிலிருந்து மச்சான் வந்துவிட்டான். இடுப்பைப் பார்த்தான்.

"என்ன இது? சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"உனக்கென்னப்பா. நான் யாரோ ஒரு சார்."

"பேசாம கம்பியைக் கட்டிப் புடிங்க."

இடுப்பிலிருந்து கழற்றி முதுகில் மாட்டினான். அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"அக்கா கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அவ எதுக்குக் கேக்கப்போறா?"

"கேக்கத்தான் செய்யுது. நல்லபடியா இறங்கிட்டாரான்னு தினம் கேக்குது."

தோளில் தட்டாமல் போய்விட்டான்.

கேட்கிறாளாம். ஐயோ, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்.

மார்ச் 14

வேலை இல்லை. மழை.

மார்ச் 17, திங்கள்

மேலே ஏறி, லீவு முடிந்து வரும் ஜோடிக்காக நின்றிருந்தேன். முதுகில் 'டக்' என்று கொக்கி விழுந்தது. தோளில் தட்டு.

"இருக்கேன்."

மாமா என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை. பிறகு அவனும் திரும்பி நின்று எனக்கு முதுகைக் காட்டினான். மாட்டிவிட்டேன்.

"இருக்கேன்டா" என்றேன்.