சாவியைத் தரமாட்டேன்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்கு டயாலிசிஸ் தவறாமல் நடக்கிறது. கால்வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

இனி கார் விஷயம். போனில், "உனக்கு ஆட்டோமேட்டிக் ஓட்டத் தெரியல, சாவியத் தம்பிகிட்ட குடுத்துடு, அவன் வித்துடுவான்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்தும்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையை அழைத்து வரும்போது, பாலம் இறங்கும் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்துவிட்டது. பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கூத்து. உங்கள் தம்பி பிளக் மாற்றிப் பார்த்தார், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைச் சுத்தம் செய்ய வைத்தார். எதற்கும் மசியவில்லை. உடனே பழி என் காலில் வந்து விழுந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கவனித்து ஓட்டினேன். கிளம்பிய புதிதில் அணைவதில்லை; சூடேறி, வேகமாக ஓடி நிற்கும்போதுதான் அணைகிறது. நிற்பதற்குச் சற்று முன் நியூட்ரலுக்குத் தள்ளினால் அணையவே இல்லை. அப்படியானால் எஞ்சின்மேல் குற்றமில்லை. அப்பாவின் பழைய காரில் கிளச்சை மிதிக்க மறந்து பிரேக் போட்டால் வருமே, அதே துள்ளல்.

ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொன்னதும் உங்கள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆட்டோமேட்டிக்ல ஏது அண்ணி கிளச்சு?" என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "உள்ள ஒண்ணு இருக்கு சார். வேகத்துல பூட்டிக்கும், நிக்கறதுக்கு முன்னாடி விட்டுடணும். இது விடல போல" என்றார். அந்தப் பூட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு என்னையே ஓட்டச் சொன்னார். ஊரில் இருக்கிற சிக்னலிலெல்லாம் நிறுத்தினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. பின்சீட்டில் உங்கள் தம்பி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கியர்பாக்ஸில் சிக்கிக்கிடந்த சின்ன வால்வை மாற்றி, புது ஆயிலும் ஊற்றியாயிற்று.

நேற்று அத்தையை நானே கூட்டிப்போய் வந்தேன். "அவன் வந்து ஓட்டட்டும்னு இருந்தா என் கிட்னி காத்திருக்குமான்னு கேட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

லீவு கிடைத்ததும் வரும் தேதியைச் சொல்லுங்கள். விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்காமல் வந்தால் போதும். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அத்தை வாய்விட்டுக் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி