பெற்றோல் மணக்கும் சாரத்துண்டு

அண்ணை,

கிணற்றடிக் கொடியில் உங்கள் சாரத்துண்டு காய்கிறது. நீங்கள் இடுப்பில் கட்டிய பழஞ்சாரத்தில் கிழித்தது, நீலக் கட்டம் போட்டது, ஓரம் இழையிழையாகப் பிரிந்தது. சவர்க்காரம் போட்டு அடித்துத் தோய்த்தும், கொதிதண்ணீரில் ஊறவைத்தும் பெற்றோல் மணம் போகமாட்டேன் என்று நிற்கிறது. காற்றுத் திரும்பும்போதெல்லாம் அது குசினிவரை வருகிறது. குழம்பு கொதிக்கும்போதுகூட எனக்கு மணப்பது நீங்கள்தான். அதனால் கதைக்கிறேன். விருப்பமில்லாவிட்டாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். இனி எழும்பிப் போக உங்களால் முடியாது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார்கள். உங்கள் படம், தேவாரம், பிறகு தெரிந்தவர்கள் எழுதும் நினைவுகள். புத்தூரிலிருந்து உங்கள் வீட்டு அக்கா போன் எடுத்தா. "தங்கச்சி, அவரின்ரை கார்க் கதையளை நீதான் எழுதவேணும். உன்னைக் கூடப்பிறந்ததாத்தானே நினைச்சவர்." ஓம் என்று சொல்லிவிட்டேன். புருஷனைப் பறிகொடுத்த மனுசியிடம் வேறென்ன சொல்ல? கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு 'ஒளிவு மறைவு தெரியாத மனிதர்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனை நகரவில்லை. அந்தக் கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டு இதை எழுதுகிறேன். இது அச்சுக்குப் போகாது.

முதன்முதலில் நீங்கள் எங்கள் வளவுக்குள் வந்தபோது அப்பாவின் ஏ-40 கார் மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. சில்லுகள் கழற்றி, கல்லின்மேல் தூக்கி வைத்தபடி. பின் சீற்றில் கோழி அடைகிடந்தது. பண்டத்தரிப்பில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, கலியாணமும் கட்டாமல், தகப்பனின் பழங்காரைத் திருத்தப் போகிறாளாம் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்த நேரம். இரும்புக்குக் கொடு என்றார்கள். நீங்கள் ராசனையும் கூட்டிக்கொண்டு வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி, பொனற்றில் மெல்லத் தட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "ஆள் சாகேல்லை, தங்கச்சி. நல்ல நித்திரை."

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் உங்களை நம்பினேன். என்ன மடைச்சி!

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எங்கள் கொட்டிலில்தான். புத்தூரிலிருந்து நீங்கள், வட்டுக்கோட்டையிலிருந்து மைனர் கார் வைத்திருக்கும் ராசன், பள்ளிக்கூடத்திலிருந்து இளைப்பாறிய பிறகு கார்ப்பைத்தியம் பிடித்த மாஸ்ரர். உங்கள் டைனமோ மாஸ்ரரின் காரில் ஓடியது; ராசனின் கதவுக் கைப்பிடி என் காரில் இருந்தது; யாருடையது எதுவென்று பிறகு யாருக்கும் தெரியாமல் போனது. ஆண்கள் மூவருக்கு நடுவே நானும் காருக்கடியில் படுத்துக் கிறீஸ் பூசிய முகத்தோடு எழும்புவேன். மாஸ்ரர் தமிழ் வகுப்பெடுப்பதுபோல, "இவள் எங்கடை ஆள்" என்று நிறுத்திச் சொல்லுவார். எனக்கு நெஞ்சு நிறையும். என்றாலும் தேத்தண்ணி போட மட்டும் ஒவ்வொரு முறையும் நான்தான் உள்ளே போகவேண்டும். அதை ஒரு குறையாக அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டவரே நீங்கள்தான். யார் எதை உடைத்தாலும், எதைத் தொலைத்தாலும், நின்ற நிலையில் "நான்தான்" என்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத் தேத்தண்ணியோடு கடிக்க எல்லாருக்கும் கடை றோல்ஸ் அவர் கணக்கு. அதோடு பேச்சு முடிந்தது. பிறகு ஒருவரும் அதைக் குத்திக்காட்டக் கூடாது. "பழங்காரைக் கொல்லுறது துரு இல்லை, ஒளிக்கிறதுதான்" என்பீர்கள். நான் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கைதவற விட்டு வெடிப்பு விழப் பண்ணிய நாளில், அழாக்குறையாக "நான்தான்" என்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். பண்டத்தரிப்புச் சந்திக்கு ஓடிப்போய் றோல்ஸ் வாங்கி வந்தேன்.

பெற்றோல் ஊற்றும்போது உங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சண்டை நடந்தபோது பெற்றோலுக்குத் தடை போட்ட காலத்தில் வந்தது. பெற்றோல் கண்ணாலும் காணக் கிடைக்காமல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. தொடக்கிவைக்க மட்டும் ஒரு துளி பெற்றோலை மருந்துபோலக் காபரேற்றருக்குள் விடுவார்கள். அந்த மண்ணெண்ணெயில் மண்ணும் தண்ணியும் பாதி என்பதால் பழஞ்சாரத் துண்டால் வடிப்பார்கள். சண்டை முடிந்து, பெற்றோல் செற்றில் சுத்தமானது வரத் தொடங்கிய பிறகும் நீங்கள் விடவில்லை. டாங்கி வாயில் துண்டைக் குழியாக விரித்துப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவீர்கள். "பெற்றோலை நம்பாதை தங்கச்சி, துணியை நம்பு."

கார் ஓடியது. அம்மா படலையடியில் நின்று கைகூப்பினா. அம்மாவுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது, அது உங்களுக்கும் தெரியும். அப்பாவின் காரில் ஒருக்காச் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போய் இறங்க வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வைத்த நேர்த்தி. அப்பாவும் காரும் திரும்பி வந்தால் இரண்டோடும் வாறன் என்று. அப்பா பிறகு போய்விட்டார், கார் மிச்சம்.

ஆனால் அந்தக் கார் ஒரு தூரம்வரை நல்லபிள்ளையாக ஓடும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். கொஞ்சநேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பவும் ஓடும். "வெயிலுக்குப் பம்பு கொதிக்குது. பெற்றோல் ஆவியாப் போகுது" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். மருந்தும் நீங்களே கண்டுபிடித்தீர்கள்: ஈரத்துணியைப் பம்பில் சுற்றிவிட்டு ஆற விடுவது. சுற்றினால், உண்மையாகவே ஓடியது! அதற்குப் பிறகு எங்கள் எல்லாருடைய கார்களிலும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு துணியும் ஏறின. பழுதே இல்லாத மைனருக்குக்கூட ராசன் சுற்றுவான். சிரிக்காமல் எப்படிச் சுற்றினான் என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

ஒருநாள் நான் கடையிலிருந்து வேளைக்கு வந்தபோது நீங்கள் தனியே கொட்டிலில் நின்றீர்கள். கையில் நுனி வளைத்த கம்பி. டாங்கி வாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கண்டதும், "வண்டுகிண்டு விழுந்திருக்கோ எண்டு பாக்கிறன்" என்றீர்கள். என் காருக்காக ஞாயிறு மட்டுமில்லை, கிழமை நாளிலும் வந்து மினக்கெடுகிறீர்களே என்று எனக்குக் கண் கலங்கியது. அன்றைக்கு உங்களுக்குப் புட்டும் மாம்பழமும் தந்தேன்.

சந்நிதிக்குப் போன நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அம்மா முன் சீற்றில், மடியில் அருச்சனைத் தட்டு. புத்தூரில் உங்களை ஏற்றினோம். அச்சுவேலி தாண்டி, நிழலுக்கு ஒரு பனைகூட இல்லாத வெட்டையில் கார் இருமியது. நின்றது. நீங்கள் இறங்கிப் பொனற்றைத் திறந்து துணியைச் சுற்றினீர்கள். ஓடியது. கூப்பிடு தூரம் போய்த் திரும்பவும் நின்றது. திரும்பவும் சுற்றினீர்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நான் கடதாசி மட்டையால் விசிறிக்கொண்டு நின்றேன். ஓட்டோ ஒன்றை மறித்து, "அம்மா, இதிலை கோயிலுக்குப் போவம்" என்றேன். "அவரின்ரை காரிலை வாறன் எண்டுதான் நேந்தனான். ஓட்டோவிலை போய் இறங்கினால் முருகன் சிரிப்பான். வீட்டை போவம்" என்றுவிட்டா. வீட்டுக்குத் திரும்ப அதே ஓட்டோவில் ஏறும்போது உங்களைப் பார்த்து, "தம்பி, எங்களாலை உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றா.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அம்மா அதற்குப் பிறகு பாயில் விழுந்தா, எழும்பவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். பிறகு நெடுநாள் எங்கள் கொட்டில் பக்கம் வரவில்லை. துக்கம் என்று நானே உங்களுக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது உங்கள் செத்தவீட்டுக்கு வருவோம். உங்கள் பிரேத வண்டிக்குப் பின்னால் எங்கள் பழங்கார்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பெண்கள் படலையோடு நிற்பதுதான் வழக்கம். அக்காதான், "நீ அவரின்ரை கார்க்காரி, சுடலை வாசல்மட்டும் போ" என்று அனுப்பினா. பறைச் சத்தத்துக்குப் பின்னால் காரை உருட்டிக்கொண்டு வந்தேன். சந்தி திரும்ப முன்னம் அது இருமியது. நின்றது. நான் அழுதுகொண்டே இறங்கி, போத்தலையும் துணியையும் எடுத்து, பொனற்றைத் திறந்தேன். பின்னால் வந்த ராசன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

"தங்கச்சி, அந்தத் துணியை விடு. அது பம்பு இல்லை."

"அப்ப என்ன?"

"டாங்கி. அண்ணையின்ரை சாரத்துண்டு உள்ளுக்கை கிடக்கு. முதன்முதல் பெற்றோல் விடேக்கை கைநழுவி விழுந்தது. நீ தேத்தண்ணி போட உள்ளை போன நேரம்."

ஓடும்போது அந்தத் துண்டு மெல்ல மெல்ல இழுபட்டுப் போய்க் குழாய் வாயை அடைக்குமாம். இயந்திரம் நின்றதும் தானே விலகிப்போகுமாம். உங்கள் ஈரத்துணி செய்ததெல்லாம் அதற்கு நேரம் கொடுத்ததுதான். வீதியில் நின்று ராசன் எனக்கு விளங்கப்படுத்தினான். பறைச் சத்தம் தூரப் போய்க்கொண்டிருந்தது. நீங்களும் போய்க்கொண்டிருந்தீர்கள்.

"நீங்கள் எல்லாருக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம்." மாஸ்ரர் காரைவிட்டு இறங்கவேயில்லை.

"ஏனடா சொல்லேல்லை?"

"கம்பியாலை எடுத்துப்போடலாம் எண்டுதான் அண்ணை நினைச்சவர். முதல்நாளே சொல்லியிருந்தால் நீயும் சிரிச்சிருப்பாய். நாள் போகப் போகச் சொல்ல வெக்கமாப் போச்சு. அம்மா போனாப் பிறகு, இனி என்னண்டடா அவளுக்குச் சொல்லுறது எண்டு எங்களைக் கேட்டவர்."

"என்னட்டையெல்லோ கேட்டிருக்கவேணும்!" என்று நடுவீதியில் கத்தினேன். செத்தவீட்டுச் சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

விழுந்த துணிக்கு நான் கோபப்படவில்லை, அண்ணை. கை என்றால் நழுவும். ஒரு "நான்தான்", ஒரு பை றோல்ஸ், அவ்வளவோடு முடிந்திருக்கும். உங்கள் வெக்கத்தை நீங்கள் அந்த வெட்டை வெயிலில் என் அம்மாவின் தலையில் இறக்கி வைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. இரண்டாவது முறை துணியைச் சுற்றும்போதாவது உங்கள் வாய் திறந்திருக்கக் கூடாதா? டாங்கியைக் கழற்ற ஒரு பொழுது போதும். மறுகிழமை அம்மா சந்நிதியில் இறங்கியிருப்பா. 'எங்கடை ஆள்' என்று சொன்ன வாய்கள் மூன்றும் மூடிக்கொண்டு நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்தன.

அடுத்த ஞாயிறு ராசன் வந்து டாங்கியை இறக்கினான். துண்டு வழுவழுவென்று வந்தது. கையைத் துடைத்துவிட்டு, சைக்கிளில் கொழுவியிருந்த பையை எடுத்துப் பொனற்றின்மேல் வைத்தான். சூடு பறக்கும் றோல்ஸ். "அண்ணையின்ரை கணக்கு" என்றான். நான் தொடவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக் காகத்துக்கும் வைக்கவில்லை. அவன் திரும்பக் கொண்டுபோனான்.

நேற்று நான் தனியே சந்நிதிக்குப் போனேன். புத்தூரில் உங்கள் ஒழுங்கையைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அச்சுவேலி தாண்டி அந்த வெட்டை வந்ததும் காது தானாக இருமலைத் தேடியது. இருமல் வரவில்லை. கார் நிற்கவில்லை; நான்தான் நிற்பாட்டினேன். இறங்கிப் பொனற்றைத் திறந்து, பம்பில் கையை வைத்தேன். கை பொறுக்கிற சூடுதான். அன்றைக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும். பக்கத்திலேயே நின்றும், நீங்கள் சொன்னால் சரி என்று நான் தொட்டுப் பார்க்கவில்லை. ராசன் சொன்ன நாளிலிருந்து கடையில் பெட்டி பிரித்தாலும், யார் என்ன சத்தியம் பண்ணினாலும், முதலில் கை வைத்துப் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதைப் பழகியதிலிருந்து எனக்கு யாரோடும் மனம் விட்டுச் சிரிக்க வரவில்லை.

அக்காவுக்கு இன்று காலை போன் எடுத்து, "எழுத வரேல்லை அக்கா" என்றேன். "உனக்கு அவ்வளவு துக்கம்" என்று அவ அழுதா. நான் மறுக்கவில்லை. பார்த்தீர்களா, உங்களை ஒளித்து வைக்கும் வேலை கடைசியில் எனக்கும் வந்துவிட்டது.

நேற்றுச் சந்நிதி வாசலில் கார் போய் நின்றது. இறங்கிச் சுற்றிப் போய் மற்றப் பக்கத்து முன் கதவைத் திறந்துவிட்டேன். அது ராசனின் மைனர்க் கைப்பிடி, இறுக்கம். அம்மாவால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. திறந்துகொண்டு கையை நீட்டியபடி நின்ற பிறகுதான் சீற்றைப் பார்த்தேன். நான் அந்தக் கதவைத் திரும்ப மூடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணை.