அடக்கி வாசிக்கச் சொன்னது நான்தான், அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

முதலில் என்னை நாலு திட்டு திட்டிக்கொள், அப்புறம் படி. நீ கண்ணை மூடும்போது என்னிடம் விட்டுப்போன உன் மகள் யாழினி விஷயத்தில் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் கணக்கென்றால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதுவே வினையானது. "யாழினி முடிச்சிட்டா, உங்களுக்கு என்ன கேடு?" என்று டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தை ஏற்றிக்கொண்டே போனார். அந்தக் கோபமெல்லாம் இவள் தலையில். பையை ஒளித்து வைத்தார்கள், 'ரோபோ' என்றார்கள், மதியச் சாப்பாட்டுக்கு ஒருத்தியும் பக்கத்தில் உட்காரவில்லை. படப்பை வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வருவாள்.

ஒரகடம் கம்பெனியில் சேர்ந்த புதிதில், லைனில் பாகங்களைச் சரிபார்க்கும் என் வேகத்தைப் பார்த்துச் சீனியர் ஒருத்தி சொன்னதை உன்னிடம் சொல்லிச் சிரித்தேனே, நினைவிருக்கிறதா? "இன்னா அவசரம்? நீ ஓடுனா எங்க எல்லாருக்கும் டார்கெட்ட ஏத்துவாங்க. அடக்கி வாசி." அதையே இவளுக்கும் சொல்லித் தொலைத்தேன். எனக்கு வேறென்ன தெரியும், சொல்லு?

அரையாண்டில் கணக்குக்கு நாற்பத்தொன்று! விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். பாகங்களில் குறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. ஓரத்தில் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறாள், விடையை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறாள். பத்துக் கணக்கில் அப்படி.

"ஏண்டி இப்டி?"

"நீதான சித்தி சொன்ன? இப்போ எல்லாரும் என்னாண்ட பேசறாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புக்காகவே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

"நான் சொன்னது தப்பு கண்ணு" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். "டீச்சர், எங்க பொண்ண காட்டி மத்தப் புள்ளைங்கள திட்டாதீங்க. அதுங்க கோவம் இவ மேலதான் திரும்புது." முதலில் முகம் சுளித்தவர், கடைசியில் "நான் அப்படி யோசிக்கலைமா" என்றார். நல்ல மனுஷி, அன்றிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நேற்றுக் கணக்குப் பரீட்சை. அவளே வந்து சொன்னாள்: "எல்லாத்தையும் கரெக்டா எழுதிட்டேன் சித்தி. வெளிய வந்து விடைய சொன்னதும் எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, மத்தியானம் தனியாத்தான் சாப்ட்டேன். நாளைக்கு கவிதா கூட உக்கார்றாளாம், பின்னம் சொல்லித் தரணுமாம்." பையை ஒளித்தவளே அவள்தான் அக்கா!

"தனியா சாப்பிடறப்போ அழுதியா?"

"கொஞ்சம். ஆனா அந்தக் கடைசிக் கணக்கு கீதே, செம சித்தி!"

வல்லக்கோட்டை முருகன்மேல் ஆணை. இனி யாருக்காகவும் உன் மகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

உன் மகளுக்கு அம்மாவாகப் பழகிக்கொண்டிருக்கும்
உன் தங்கச்சி
செல்வி